குணவதியின் கையில் கருவாட்டு வாசனை

நரிக்கல்பட்டில் அந்த ஆடி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமையிலிருந்து பெண்களின் கைகள் மணக்கத் தொடங்கின. கவிதை எழுதுகிறவர்கள் ஆசைப்படுகிற மல்லிகை மணம், மருதாணி மணம் என்று எதுவும் இல்லை. ஒரு பெண் எந்த வேலையைச் செய்கிறாளோ, அந்த வேலையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பெண்ணின் வாசனை வேலை நடக்கும்வரை அவள் கையிலிருந்து கிளம்பி, வேலை நின்றதும் நின்றுபோனது. பல் டாக்டரம்மா கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியபோது இட்லி மாவின் புளிப்பு வீசியது, மகளிர் காவல் நிலைய இன்ஸ்பெக்டர் விறைப்பாக சல்யூட் அடித்தபோது எருமைத் தொழுவம் எழுந்து வந்து பக்கத்தில் நின்றது, உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை கரும்பலகையில் கணக்குப் போட்டபோது வகுப்பு முழுக்க மண்ணெண்ணெய் அடித்தது. அதைவிட வேடிக்கை, அந்தத் தலைமையாசிரியையிடம் கணக்குப் படித்த பெண்களும், அவர்களிடம் படித்த தங்கைகளும் கணக்குப் போட்டபோதும் அதே மண்ணெண்ணெய்தான் அடித்தது. வாசனை நடுவில் நிற்பவர்களிடம் தங்காமல், வேர் எங்கே இருந்ததோ அங்கிருந்தே வந்தது. வேலை முழுதாகக் கைக்கு வந்திருந்தால்தான் அதுவும் வந்தது, அரைகுறைக்கு வாசனை கிடையாது.

ஆண்கள் கையில் ஒன்றும் வரவில்லை. யாரிடமும் எதுவும் கற்காமல் தாய் வயிற்றிலேயே எல்லாம் தெரிந்துகொண்டு பிறந்தவர்கள் அல்லவா, அவர்கள் அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை.

தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் நாற்றத்தில் நூறு வருடமாக மூக்கைப் பழக்கிய ஊர், இதற்கெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நிற்குமா? முதல் வாரம் நகராட்சி சாக்கடையைக் குற்றம் சொல்லித் தெருவெல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவியது, இரண்டாம் வாரம் தூவ மறந்தது, மூன்றாம் வாரம் ஊர் பழகிக்கொண்டது. "சாப்ட்டியா?" என்று கேட்கிற இடத்தில் "யார் கை?" என்று கேட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடிக்காமல் முகர்ந்துவிட்டு, "எதிர்வூட்டுக் கை மாதிரி கீதே, சொந்த அம்மா ஒண்ணும் கத்துக்குடுக்கலையா?" என்று உதட்டைச் சுழித்தார்கள். தாலுகா ஆபீசில் வாசனைச் சான்றிதழ் என்று ஒன்றை மூன்று பிரதிகளில் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதில் ஜாதிக்கு ஒரு கட்டம் இருந்தது, அந்தக் கட்டம் இல்லாமல் நம் ஊரில் எந்தக் காகிதம் அச்சாகியிருக்கிறது? வெற்றிலை பாக்குத் தட்டோடு பழைய பால்காரியையும், மண்ணெண்ணெய் ஊற்றிய ரேஷன் கடைக்காரியையும் தேடிப் போய் நின்ற பெண்களும் நாலு பேர் இருந்தார்கள். மற்றவர்கள் மருந்துக் கடையில் ரப்பர் கையுறை வாங்கினார்கள், வாசனை கையுறையைத் தாண்டி வந்தது.

குணவதிக்கு வந்தது கருவாட்டு வாசனை. சுட்ட நெத்திலிக் கருவாடும் தேங்காய் எண்ணெயும் கலந்து, வரிசையில் உள்ள அறுபது மிஷினுக்கும் எட்டுகிற மாதிரி வந்தது.

குணவதிக்கு நாற்பத்து மூன்று வயது. ஊரின் பெரிய ஷூ கம்பெனியில், தோலை வெட்டி ஷூவின் மேல்பாகம் தைக்கிற பிரிவில் சூப்பர்வைசர். ஏழு தலைமுறையாக முட்டை ஓட்டைக்கூட வாசலில் விட்டுவைக்காத குடும்பம், அதைச் சொல்லிக்கொள்வதில் ஏழு தலைமுறைக்கும் சலிப்பு வந்ததில்லை. அப்படிப்பட்டவள் மிஷினில் உட்கார்ந்து பெடலை மிதித்த மாத்திரத்தில் கருவாடு வீசினால் நாலு பேர் "யார் கை?" என்று கேட்கத்தானே செய்வார்கள். "கை இல்ல, காலையில கருவாட்டுக் கொழம்பு வெச்சேன், போகவே மாட்டேங்குது" என்றாள் குணவதி. பொய் சொன்னால் போதுமா, அதைக் காப்பாற்ற வேண்டாமா? அன்று சாயங்காலமே சந்தையில் முகத்தை மூடிக்கொண்டு கால் கிலோ நெத்திலி வாங்கிவந்து, வீட்டில் அடுப்பில் போட்டுத் தெருவுக்கே மணக்கும்படி சுட்டுக் குப்பையில் கொட்டினாள். மறுநாளும் சுட்டாள். மாமியார் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்துவிட்டு மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். உண்மையைச் சொல்ல அரை நிமிடம் போதும், அதைச் சொல்லாமலிருக்க ஒரு குடும்பமே புகை குடித்தது.

அந்த வாசனைக்காரியின் பெயர் சகாயராணி. ஒன்பது வருடத்துக்கு முன்னால் குணவதி அந்தக் கம்பெனியில் பசை தடவுகிற ஹெல்பராகச் சேர்ந்தபோது, அவளைவிடப் பத்து வயது இளையவளான சகாயராணி, யாரும் சொல்லித்தராமல் பார்த்தே பழகி, வரிசையிலேயே முதல் தையல்காரி ஆகியிருந்தாள். புருஷன் விட்டுப்போய், அவன் அம்மாவையும் வைத்துக் காப்பாற்றிக்கொண்டு, ஹெல்பராகவே இருந்தால் எந்த நாளும் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று பயந்துகொண்டிருந்த குணவதியைக் கூப்பிட்டு, "வாக்கா, குந்து" என்று தன் மிஷினில் உட்கார வைத்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஊசியில் நூல் கோக்காமல், பென்சில் கோடு போட்ட காகிதத்தில் ஓட்டச் சொல்லிப் பழக்கினாள். காகிதத்தில் துளைகள் கோட்டைவிட்டு விலகாமல் வருகிறவரை தோலைத் தொடக்கூடாது என்பது அந்தத் தொழிலில் உள்ள வழக்கம். துணியைப் பிரித்துத் தைக்கலாம், தோலில் ஊசி ஒருமுறை இறங்கினால் அந்த ஓட்டை ஆயுளுக்கும் இருக்கும். ஒரு கையால் நெத்திலிக் கருவாட்டைக் கடித்துக்கொண்டு மறு கையால் சகாயராணி காட்டிக்கொடுக்க, குணவதி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கற்றுக்கொண்டாள். வித்தை வேண்டும், வாசனை வேண்டாம்.

இருபதாம் நாள் சகாயராணி கை கழுவப் போன நேரத்தில், குணவதிக்கு அவசரம் பொறுக்கவில்லை. ஏற்றுமதிக்கு வெட்டி வைத்திருந்த ஒரு ஜோடித் தோலை எடுத்து மிஷினில் கொடுத்தாள். கோணிக்கொண்டது. பிரித்தாள், ஓட்டை சல்லடையாகத் தெரிந்தது. சூப்பர்வைசர் வருகிற சத்தம் கேட்டதும் கைக்கு எட்டிய பையில் அதைத் திணித்தாள். எட்டிய பை சகாயராணியுடையது. சாயங்காலம் எடுத்து எறிந்துவிடலாம் என்று நினைத்தவள் சாயங்காலத்துக்குள் மறந்தாள், கேட்டில் சோதனை போட்டார்கள். இருவரையும் கூப்பிட்டு விசாரித்தபோது மேனேஜர் அறையில் சகாயராணி குணவதியைப் பார்த்தாள். குணவதி தரையைப் பார்த்தாள். அவ்வளவுதான் நடந்தது. அந்த ஊரில் தோல் திருடி என்று ஒரு கேட்டில் எழுதிவிட்டால் மற்ற எல்லாக் கேட்டிலும் எழுதின மாதிரி. சகாயராணி மாதா கோயில் தெருவில் உட்கார்ந்து பீடி சுற்றினாள், அவள் விட்டுப்போன மிஷினில் ஆளில்லாததால் குணவதி உட்கார்ந்தாள். வரிசையில் முதல் தையல்காரி ஆனாள், பிறகு சூப்பர்வைசர் ஆனாள். நன்றாகத்தான் தைத்தாள், கற்றுக்கொடுத்தவள் அப்படி.

இது இப்படியே கருவாடு சுட்டுச் சுட்டு ஓடியிருக்கும், ஏணி மகளிர் மன்றம் மட்டும் இல்லாமலிருந்தால்.

ஏணி மகளிர் மன்றத்தின் நிறுவனத் தலைவி டாக்டர் புவனசுந்தரி அம்மையார். டாக்டர் பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம் எந்தத் தீவில் இருக்கிறது என்று தபால்காரருக்குக்கூடத் தெரியாது. கம்பெனி முதலாளியின் மனைவி. ஆயிரத்து நூற்றுப் பதினாறு பெண்களை வழிகாட்டிக் கைதூக்கி விட்டவர் என்று ஊரின் நான்கு மூலையிலும் பேனர் இருந்தது. அந்த ஆயிரத்து நூற்றுப் பதினாறு பேரும் அவரவர் வேலையைச் செய்தபோது வெற்றிலை மணத்தது, சாணி மணத்தது, வெங்காயம் மணத்தது. அம்மையார் பூசுகிற வெளிநாட்டு சென்ட் ஒருத்தி கையிலும் வரவில்லை. இல்லை, பொய் சொல்லக் கூடாது, ஒரே ஒரு வேலையின்போது வந்தது. சான்றிதழை மார்புக்கு நேராகப் பிடித்து, தலையைக் கொஞ்சம் சாய்த்து, பல் தெரியக் காமிராவைப் பார்க்கும்போது ஆயிரத்து நூற்றுப் பதினாறு பேரிடமிருந்தும் குப்பென்று அந்த சென்ட் அடித்தது. அதை அவர்தான் கற்றுக்கொடுத்திருந்தார்.

சென்னையிலிருந்து ஒரு விருதுக் குழு வரப்போகிறது, கலெக்டரம்மாவும் வருகிறார், முகர்ந்து பார்த்துத்தான் விருது கொடுப்பார்கள் என்று செய்தி வந்ததும் அம்மையார் குணவதியைப் பங்களாவுக்குக் கூப்பிட்டனுப்பினார்.

"குணவதி, நீதான் எங்க மன்றத்தோட நம்பர் ஒன் சாதனைப் பெண். ஹெல்பரா இருந்தவளை சூப்பர்வைசர் ஆக்கினது யாரு?"

"மேடம்தாங்க" என்றாள் குணவதி. அம்மையாரை அதற்கு முன்னால் அவள் நேரில் பார்த்தது இரண்டு முறை, இரண்டு முறையும் போட்டோவுக்கு.

"மேடையில மிஷின் போடுறோம், நீ தைக்கிறே. என் வாசனை வரணும். மூணு நாள் இருக்கு, நான் உனக்குக் கத்துக்கொடுத்துடறேன். விழா முடிஞ்சதும் நீ பயிற்சித் தலைவி, தனி ரூமு, கம்பெனி வண்டி. அவர்கிட்ட சொல்லிட்டேன்."

முதல் நாள் அம்மையார் தன்னம்பிக்கை கற்றுக்கொடுத்தார். "கண்ணை மூடு, உன்னால் முடியும்னு பதினோரு தடவை சொல்லு" என்றார். குணவதி சொல்லிவிட்டுத் தைத்தாள், கருவாடு வந்தது. இரண்டாம் நாள் தலைமைப் பண்பு, நேர்மறைச் சிந்தனை இரண்டும் கற்றுக்கொடுத்தார். இன்னும் பலமாகக் கருவாடு வந்தது. அம்மையார் கைக்குட்டையால் மூக்கை ஒற்றிக்கொண்டு யோசித்து, தையல் வேண்டாம், மேடையில் தானே ஊசியில் நூலைக் கோத்து ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு வழிவிடுகிற மாதிரி எடுத்துக் கொடுப்பது, அதைக் குணவதி கும்பிட்டு வாங்கிக்கொள்வது, அந்த நேரத்தில் காமிரா, காமிரா வந்தால் சென்ட் தானாக வரும் என்று முடிவெடுத்தார். கெட்டிக்காரர்தான். ஆனால் அந்த மிஷினில் நூல் நேராக ஊசிக்குப் போகாது, ஏழு இடத்தில் நுழைந்து வளைந்து வரவேண்டும், அம்மையாருக்கு அது தெரியாது. குணவதி காட்டிக்கொடுத்தாள். சகாயராணி அவளுக்கு அரை மணி நேரத்தில் கற்றுக்கொடுத்த அந்த வேலை, அம்மையார் கையில் மூன்றாம் நாள் மாலைவரை ஐந்தாவது இடத்தைத் தாண்டவில்லை. "மீதி ரெண்டு மேடையில வந்துடும், பாசிட்டிவா இரு" என்றார்.

விழா ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. தெருவுக்கு ஒரு வேன் அனுப்பிப் பெண்களை ஏற்றிவந்து கல்யாண மண்டபத்தை நிரப்பியிருந்தார்கள். மாதா கோயில் தெரு வேனில் சகாயராணியும் வந்து பன்னிரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பிரியாணிப் பொட்டலத்துக்காகத்தான் வந்தாள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மேடையில் இருந்தவர்கள் வந்த காரணம் அதைவிட மட்டம். வரவேற்புரை, சிறப்புரை, அந்தச் சிறப்புரையைச் சிறப்பித்து ஓர் உரை எல்லாம் முடிந்து, கலெக்டரம்மா மூன்றாவது முறை கடிகாரத்தைப் பார்த்தபோது, அம்மையார் மிஷின் முன்னால் வந்து நின்றார்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று நூல் போனது. ஆறாவது இடத்தில் நுழைந்தது. ஏழாவதாக ஊசியின் காதிலும் நுழைந்து மறுபக்கம் எட்டிப் பார்த்தது. முழு வேலையும் கைக்கு வந்துவிட்ட அந்தக் கணத்தில், வெளிநாட்டு சென்ட்டும் பட்டுப் புடவையும் வைரத் தோடுமாக நின்ற புவனசுந்தரி அம்மையாரின் பத்து விரலிலிருந்தும் சுட்ட நெத்திலிக் கருவாடு கிளம்பி, மேடையை நிறைத்து, கலெக்டரம்மாவின் மூக்கைத் தொட்டு, விருதுக் குழுவைச் சுற்றி, பன்னிரண்டாம் வரிசையையும் தாண்டிப் பந்தி நடக்கிற கூடம்வரை போனது.

"யார் கை? யார் கை?" என்று மண்டபமே கத்தியது.

வேறொருத்தியாக இருந்தால் மயங்கி விழுந்திருப்பாள். அம்மையார் மைக்கைப் பிடித்தார். "யார் கையா? என் குணவதியின் கை! கற்றுக்கொடுப்பவள் கற்றுக்கொள்ளவும் வேண்டும், அதுதான் ஏணி மன்றம். என் மாணவியே எனக்கு ஆசிரியை!" என்று குரல் தழுதழுக்கச் சொல்லிவிட்டு, குணவதியின் தோளில் பொன்னாடையைப் போர்த்தினார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. முன் வரிசையில் மேனேஜர் எழுந்து நின்றே தட்டினார். விருதுக் குழுவில் ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

குணவதி கையில் மைக்கைக் கொடுத்தார்கள். ஒரு கும்பிடு போட்டால் போதும். கருவாடு இனி அவளுடைய வாசனை, கலெக்டர் முன்னால் பதிவாகிவிட்டது, வீட்டில் புகை போட வேண்டியதில்லை, மாமியாரைத் திரும்பக் கூட்டிவரலாம், தனி அறையில் உட்காரலாம். அவள் கும்பிடக் கையைத் தூக்கினாள். பன்னிரண்டாம் வரிசையில் ஒருத்தி சிரிப்பது தெரிந்தது. மடியில் பிரியாணிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, சகாயராணி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பில் கோபம் இருந்திருந்தால் குணவதி தாங்கியிருப்பாள், கோபத்துக்குப் பதில் சொல்ல ஒன்பது வருடமாகத் தயார் செய்து வைத்திருந்தாள். அது தெருக்கூத்துக் கோமாளியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. குணவதிக்கு உடம்பெல்லாம் கூசியது, தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

"இது என் கை இல்லீங்க" என்றாள். "எனக்குக் கருவாடே ஆகாது. இது மாதா கோயில் தெரு சகாயராணி கை. எனக்குத் தையல் சொல்லிக்குடுத்தது அவ. அன்னிக்கு அந்த ஜோடித் தோலைப் பாழாக்கினது நான். அவ பையில போட்டதும் நான். அவ திருடல."

"திருடல" என்பதற்குள் மைக்கை அணைத்துவிட்டார்கள், அது எல்லா விழாவிலும் உள்ள ஏற்பாடுதான். அவள் தொண்டை கிழிய இன்னொரு முறை சொன்னாள். மேனேஜர் தட்டிக்கொண்டிருந்த கையைப் பாதியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். குணவதியின் வேலை அந்த இடத்திலேயே போய்விட்டது, கடிதம் மட்டும் திங்கட்கிழமை வந்தது.

அம்மையார் அதற்கும் அசரவில்லை. "பார்த்தீர்களா, பெண்ணுக்கு இந்தத் துணிச்சலைக் கொடுத்தது யார்? ஏணி மன்றம்!" என்று வேறொரு மைக்கில் முழங்கி, குணவதியின் தோளிலிருந்து பொன்னாடையை உருவி, "சகோதரி சகாயராணி மேடைக்கு வரவும், ஆயிரத்து நூற்றுப் பதினேழாவது பெண்ணாக அவரை நாங்கள் தத்தெடுக்கிறோம்" என்றார். கூட்டம் அதற்கும் கைதட்டியது. கைதட்டப் பழக்கப்பட்ட கூட்டம், பொட்டலம் கைக்கு வந்தபின் எதற்கு வேண்டுமானாலும் தட்டும்.

சகாயராணி எழுந்தாள். மேடைக்கு வரவில்லை.

"எனக்கெதுக்கு மேடம் சால்வை, இந்த வேக்காட்டுல?" என்றாள் நின்ற இடத்திலிருந்தே. பிறகு குணவதியைப் பார்த்து, "யக்கா, எறங்கி வா. அங்க நின்னு சொன்னா இவங்களுக்குத்தான் கேக்கும். இவங்களுக்குக் கேட்டு எனக்கு இன்னா ஆவப்போவுது? எம் பொண்ணு வூட்ல கீறா, அவகிட்ட வந்து சொல்லு."

குணவதி இறங்கினாள். வேன் விழா முடிந்தால்தான் திரும்பும் என்று டிரைவர் சொல்லிவிட்டதால் இருவரும் வெயிலில் நடந்தார்கள். வழியில் குணவதி மன்னிப்புக் கேட்க மூன்று முறை வாயைத் திறந்தாள். மூன்றாவது முறை சகாயராணி, "அன்னிக்கு மேனேஜர் ரூம்ல தொறந்திருந்தா ஒரு வார்த்தையில முடிஞ்சிருக்கும். இப்ப வாயை மூடினு நட, மூச்சு வாங்குது பாரு உனக்கு" என்றாள்.

மாதா கோயில் தெருவில் நாலாவது வீடு. சகாயராணியின் மகள் பெனிலா, பதினாறு வயது, வாசற்படியில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். திருடி மகள் என்று பள்ளிக்கூடத்தில் முதன்முதலில் கூப்பிட்டபோது அவளுக்கு ஏழு வயது. குணவதி அவள் முன்னால் நின்று, மேடையில் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லி முடித்தபோது அழுதாள். பெனிலா அவள் அழுது முடிகிறவரை புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தாள்.

"எங்கம்மா எடுக்கலன்னு எங்கம்மாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்" என்றாள். "எங்ககிட்ட வந்து எதுக்கு அழுவுறீங்க? தெரியாதவங்க வெளிய கீறாங்க. இந்தத் தெருவுல முப்பத்தெட்டு வூடு. வூட்டு வூட்டுக்குப் போயிச் சொல்லுங்க. கடைசி வூட்டு அந்தோணிசாமிக்குக் காது கேக்காது, கத்திச் சொல்லணும்."

குணவதி சகாயராணியைப் பார்த்தாள். அவள் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, "குடிச்சிட்டுப் போ, தொண்டை வறண்டுச்சுன்னா பாதியில நிறுத்திடுவே" என்று நீட்டினாள்.

குடித்துவிட்டு குணவதி தெருவைக் கடந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து கேட்டார்கள்.

"திருடி வந்திருக்கேன்" என்றாள் குணவதி, "கதவைத் தெறங்க."